வீட்டுப் பக்கமாக வந்த நோயாளி

அந்தத் தெருவில் அவளைப் பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. நெட்டி டாக்டர் வீடு எது என்று கேட்டால் பால் பாக்கெட் போடுகிறவர் முதற்கொண்டு கை காட்டுவார்கள். வாசல் பலகையில் 'கைரோபிராக்டிக் சிகிச்சை' என்று பெரிய எழுத்தில்தான் எழுதி வைத்திருக்கிறாள். அந்த வார்த்தையை வாய்க்குள் நுழைத்துப் பார்க்கத் தெருவுக்குப் பொறுமை இல்லை. அவள் முதுகில் கை வைத்தால் நெட்டி முறிகிற சத்தம் கேட்கிறது, ஆகவே நெட்டி டாக்டர். வருஷக்கணக்கில் படித்துப் பதிவு வாங்கியவளுக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆள் வந்தால் சரி என்று பிறகு விட்டுவிட்டாள்.

வீட்டின் முன்னறைதான் அவள் தொழில் செய்யும் இடம். நடுவில் ஒரு மேஜை, குப்புறப் படுக்கிறவர் முகம் வைக்க ஒரு ஓட்டை, அதன்மேல் ஆளுக்கு ஆள் மாற்றுகிற காகிதம். சுவரோரம் சார்ஜில் கிடக்கும் தட்டு மெஷின். பார்க்கத் துளைபோடும் மெஷினுக்குத் தம்பி மாதிரி இருக்கும். பொத்தானை அமுக்கினால் முனையில் இருக்கும் ரப்பர் உருண்டை படபடவென்று முன்னும் பின்னும் துடித்துத் தசையைத் தட்டும். மாடியில் குடியிருப்பவர் முதல் வாரமே இறங்கி வந்து, சுவரில் எத்தனை ஆணிதான் அடிப்பீர்கள் என்று சண்டை பிடித்தார். அவரையே குப்புறப் படுக்க வைத்துத் தோள்பட்டையில் ஓட்டிக் காட்டிய பிறகு சண்டை ஓய்ந்தது. இப்போது அவர் மாதாமாதம் வருகிறார்.

அவள் முறை இதுதான். முதலில் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் மெஷினை ஓட்டி, முறுக்கிக்கொண்டு நிற்கும் தசையைத் தளர்த்துவாள். எலும்பின் மேல் மெஷின் படக் கூடாது. தசை விட்டுக்கொடுத்த பிறகுதான் கையால் எலும்பைச் சரி செய்வாள். இது எல்லாவற்றுக்கும் முன்னால் கேள்விகள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எங்காவது மரத்துப்போகிறதா, சமீபத்தில் நெடுந்தூரம் உட்கார்ந்து பயணம் செய்தீர்களா, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்பாள். போன வாரம் வந்தவரையும் இந்த வாரம் முதலிலிருந்து கேட்பாள். போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க என்று ஆட்கள் அலுத்துக்கொண்டாலும் அசைய மாட்டாள். பதில் வராமல் மெஷினைத் தொடவே மாட்டாள். இந்தப் பிடிவாதத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த முன்னறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று தெருப் பக்கம். இன்னொன்று உள்ளே, சமையலறைக்குப் போகிற பக்கம். கேள்விகள் எல்லாம் தெருப் பக்கமாக வருகிறவர்களுக்குத்தான். வீட்டுப் பக்கமாக வருகிறவர்களிடம் காபி வேணுமா என்பது ஒன்றுதான் கேள்வி. சொந்தக்காரர்களுக்கு வைத்தியம் பார்ப்பது போன்ற வில்லங்கம் உலகத்தில் இல்லை. காசு வாங்க முடியாது, கண்டிக்க முடியாது, படுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். விசேஷ வீட்டுக்குப் போனால் சாப்பிட உட்காருமுன் நாலு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அப்படி அன்று காலையில் வீட்டுப் பக்கமாக வந்தவன் அவள் கொழுந்தன். லாரி ஓட்டுகிறவன். அவள் கணவரோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். "எங்கண்ணன் உக்காந்தே ஏத்துவான், நான் உக்காந்தே கொண்டு போவேன். எங்க வம்சத்துல நடக்குற வேலையே கிடையாது" என்று கொழுந்தன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். கல்யாணமாகி வந்த புதிதில், நெட்டி முறிக்கிறதுக்கு ஒரு படிப்பா என்று வீடே கேட்டபோது, முதல் ஆளாக வந்து மேஜையில் படுத்தவன் அவன்தான். அதற்காகவே அவன் செய்கிற கேலியையெல்லாம் அவள் பொறுத்துப்போவாள்.

"அண்ணி, வண்டி லோடுக்கு நிக்குது. இடது கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டு உயிர் போகுது. ரெண்டு தட்டு தட்டி விடுங்க."

"எவ்வளவு நேரம்டா ஒரே இடத்துல உக்காந்தே?"

"உக்காராம, நின்னுகிட்டா லாரி ஓட்டுவாங்க?"

அவள் சிரித்தாள். அடுத்த நோயாளி வருகிற நேரம். அடுப்பில் குழம்பு வேறு கொதித்துக்கொண்டிருந்தது. பேண்ட்டைச் சுருட்டிவிட்டு அவன் குப்புறப் படுத்தான். காலில் கை வைத்தபோது சூடாக இருந்தது. "என்னடா கால் கொதிக்குது" என்றாள். "இன்ஜின் சூடு அண்ணி, அந்தப் பக்கம்தான் ஏறும்" என்றான். சாக்ஸ் கழற்றிய இடத்தில் பட்டை பதிந்த தடம் வலது காலில் லேசாக இருந்தது, இடது காலில் பள்ளமாக இருந்தது. அதையும் அவள் கண் பார்த்தது. பார்த்ததோடு சரி. மெஷினை ஓட்டினாள். அவன் ஸ், ஆ என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "அழுத்தி, அழுத்தி" என்றான். அழுத்தினாள்.

போகும்போது அலமாரியில் கிடந்த பழைய மெஷினை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டான். "நிக்கிற இடத்துல நானே ஓட்டிக்கிறேன். உங்க புதுசு உங்களுக்கே இருக்கட்டும்." அவள் குழம்பை இறக்கப் போய்விட்டாள்.

அடுத்து வந்தவர் தையல்காரர். நாள் முழுக்கக் குனிந்து குனிந்து முதுகு வளைந்தவர். அவர் மேஜையில் படுத்து ஓட்டைக்குள் முகத்தை வைத்ததும் அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"மாத்திரை ஏதாவது மாத்தினாங்களா?"

"இல்ல டாக்டரம்மா."

"சமீபத்துல நெடுந்தூரம் உக்காந்து போனீங்களா? ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா..."

அவள் வாய் நின்றுவிட்டது.

சுவரோரம் சார்ஜில் கிடந்த மெஷினைப் பார்த்தாள். நெடுந்தூரம், ஒரு கால், சூடு, வீக்கம். அந்த நாலும் அரைமணி முன்பு இதே மேஜையில் படுத்திருந்தன. நாளங்களுக்குள் ரத்தம் கட்டிக்கொண்டால் கால் அப்படித்தான் இருக்கும். அந்தக் காலைத் தொடவே கூடாது. தட்டினால் கட்டி பிய்த்துக்கொண்டு மேலேறி நுரையீரலை அடைக்கலாம். அடைத்தால் பேசிக்கொண்டு நிற்கிற ஆள் அப்படியே சாய்வான். படித்த புத்தகத்தில் அந்தப் பக்கம் கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவன் சொல்லச் சொல்ல அழுத்தி ஓட்டியதும் ஞாபகம் இருந்தது. போதாக்குறைக்கு மெஷினையும் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

"என்னம்மா சத்தமே காணோம்" என்றார் ஓட்டைக்குள்ளிருந்து தையல்காரர்.

அவள் போனை எடுத்துக் கொழுந்தனுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. வண்டியில் ஏறினால் போனைத் தொடாதே என்று வருஷக்கணக்கில் அவனைத் திட்டித் திருத்தியவளே அவள்தான். மறுபடி அடித்தாள். மறுபடியும் நின்றது. வேறு வழி இல்லாமல் ஓரகத்திக்கு, அவன் மனைவிக்கு, அடித்தாள்.

ஓரகத்தி மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். மாத்திரையில் நம்பிக்கை உள்ளவள். மூத்தவள் நெட்டி முறிப்பதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. சொல்லாமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற முகம் அவளுக்கு.

"அவன் எங்க லோடு ஏத்துறான்?"

"டைல்ஸ் குடோன்ல. ஏன் அக்கா?"

நாக்கு நுனியில் உண்மை வந்து நின்றது. "மெஷின் எடுத்துட்டுப் போனான். சார்ஜரை விட்டுட்டான்" என்றாள்.

"அதுக்கு இவ்வளவு அவசரமா?"

"எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கு. குடோன் எங்க?"

"பைபாஸ்ல, ஐஸ் பேக்டரிக்குப் பின்னாடி" என்றாள் ஓரகத்தி, சந்தேகம் தீராத குரலில்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெருமுனை தாண்டிய பிறகுதான் தையல்காரரை மேஜையிலேயே விட்டுவந்தது உறைத்தது. எழுந்து போய்க்கொள்வார் என்று விட்டுவிட்டாள். சிக்னலில் நின்றபோதெல்லாம் போன் அடித்தாள். அவன் எடுக்கவில்லை. எடுக்காத போன் எத்தனை விதமாக இருக்கலாம் என்று அவள் மனசு ஒவ்வொன்றாகக் காட்டியது. ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடப்பதைப் போலக் காட்டியது. நடுரோட்டில் லாரி குறுக்கே நிற்பதைப் போலக் காட்டியது. கேட்டிருந்தால் என்ன, ஒரு நிமிஷம் கேட்டிருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும் என்று தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனாள்.

குடோன் வாசலில் லாரிகள் வரிசை பிடித்து நின்றன. எல்லாம் ஒரே மாதிரி தார்ப்பாய், ஒரே மாதிரி புழுதி. வண்டி நம்பர் என்ன என்று காவலாளி கேட்டபோதுதான் அது தனக்குத் தெரியாது என்று புரிந்தது. அவனைத் தள்ளாத குறையாக உள்ளே நுழைந்தாள். டீசல் இரைச்சலுக்கு நடுவில் அந்தச் சத்தம் கேட்டது. படபடபடவென்று ஒரு தட்டல். பேட்டரி இறங்கிய பழைய மெஷின் போடுகிற கம்மிய சத்தம். எங்கிருந்தாலும் அவளுக்குத் தெரியும். தசையில் அழுத்தினால் சத்தம் இன்னும் கம்மும். இப்போது கம்மியிருந்தது. யாரோ அழுத்துகிறார்கள்.

ஓடினாள். கல்லில் தடுக்கிச் செருப்பு ஒன்று கழன்றது. திரும்பி எடுக்கவில்லை.

மூன்றாவது லாரியின் நிழலில் டிரைவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், காலியான பெட்டி ஒன்றின் மேல், சட்டையில்லாமல் ஒரு பெரிய உடம்புக்காரர். அவர் தோளில் மெஷினை வைத்துக் கடை விரித்துக்கொண்டிருந்தான் அவள் கொழுந்தன்.

"வாங்க அண்ணி! கிளை திறந்துட்டேன். இவருக்கு முடிஞ்சதும் எனக்குத்தான்."

அவள் மெஷினைப் பிடுங்கி அணைத்தாள். மூச்சிரைத்தது.

"கால்ல மறுபடி ஓட்டினியா?"

"இன்னும் இல்ல. என்னாச்சு? செருப்பு எங்க?"

"போன் ஏன் எடுக்கல?"

"வண்டிக்குள்ள கிடக்கு" என்று எழுந்து கேபின் படியில் கால் வைத்தவன், பாதி ஏறி நின்றான். கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூச்சு வாங்கினான். "புழுதி" என்றான் யாரும் கேட்காமலே.

புழுதி இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இறங்கு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"என்ன அண்ணி விளையாடுறீங்களா? காலையிலேருந்து வரிசையில கிடக்கேன். அடுத்து என் வண்டிதான். இப்போ போனா நாளைக்குத்தான்."

"உன் கால்ல ரத்தம் கட்டியிருக்கு."

"தசைப்பிடிப்புக்குப் போய்..." என்று அவன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். கூட்டமும் சிரித்தது.

வாதாடிப் பிரயோஜனம் இல்லை. தார்ப்பாய் கட்டுகிற கயிற்றில் ஒரு துண்டு கீழே கிடந்தது. அதை எடுத்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். பேண்ட்டைச் சுருட்டி, வலது கெண்டைக்காலைச் சுற்றிப் பிடித்து, சுற்று முடிகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். அதே கயிற்றை இடது காலில் சுற்றினாள். முடிச்சு சேரவில்லை. இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. இழுத்துப் பார்த்தாள். அவன் வலியில் முனகினான்.

"ரெண்டும் உன் கால்தானே" என்றாள். "எப்படி ஒண்ணு மட்டும் பெருத்துச்சு?"

அவன் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டையில்லாத டிரைவர் எழுந்து, "டேய், அந்தம்மா சொல்றதைக் கேளு. வண்டியை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி, குடோன் மேனேஜரின் காரைச் சத்தம் போட்டே வரவழைத்தார். அவனை நடக்க விடாமல் இரண்டு பேர் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார்கள். காரில் அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நாடி தறிகெட்டு ஓடியது. இன்னொரு கையால் ஓரகத்திக்குப் போன் அடித்து ஒரே ஒரு வரி சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்கு வா. கால்ல பிரச்சனை."

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரி, தூங்காத கண். ஓரகத்தி கடைக் கோட்டைக் கூடக் கழற்றாமல் ஓடிவந்து கட்டிலின் அந்தப் பக்கம் நின்றாள். டாக்டர் காலைப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள்.

"யாராவது தேய்ச்சு விட்டாங்களா? மசாஜ், மெஷின் ஏதாவது?"

"இல்ல டாக்டர்" என்றான் கொழுந்தன், கண்ணிமைக்காமல். "யாரும் தொடல. பேண்ட்டைக் கூடச் சுருட்டல."

"மூச்சு?"

"நல்லா இருக்கு."

சொல்லிவிட்டு அண்ணியை ஒரு பார்வை பார்த்தான். உங்களை மாட்டிவிட மாட்டேன் என்கிற பார்வை. அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அவன் தனக்காகப் பொய் சொல்கிறான் என்ற நன்றியில் ஒரு கணம் அப்படியே நின்றாள் என்பதுதான் உண்மை. எதிரே ஓரகத்தியின் முகம் இருந்தது. பதிவு இருந்தது, பலகை இருந்தது, தெரு இருந்தது. வாயை மூடிக்கொண்டால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். டாக்டர் பேனாவை எடுத்து, "அப்போ கால் ஸ்கேன் மட்டும் எடுத்துட்டு வார்டுக்கு அனுப்பலாம்" என்று நர்ஸிடம் சொல்ல ஆரம்பித்தாள். கட்டிலில் கிடந்தவனின் கழுத்துக்குழி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வந்தது.

"அவன் பொய் சொல்றான் டாக்டர்" என்றாள். "காலையில நான்தான் மெஷின் வச்சேன். அந்தக் கெண்டைக்கால்லயே. அழுத்தி வச்சேன். படி ஏறும்போது மூச்சு வாங்குச்சு, அதையும் மறைக்கிறான்."

டாக்டர் நிமிர்ந்தாள். "நீங்க?"

"கைரோபிராக்டர்."

"எவ்வளவு நேரம், எந்த வேகம்?"

சொன்னாள். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டாள். "முதல்ல நெஞ்சு ஸ்கேன். இப்பவே" என்று டாக்டர் குரல் கொடுத்ததும் கட்டில் உருண்டு கதவுக்குள் போனது.

வெளியே இரும்பு பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம்.

"சார்ஜர் குடுக்கத்தான் போனீங்களா அக்கா?"

"இல்ல."

ஓரகத்தி கோட்டுப் பொத்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். "உங்ககிட்ட வர்றவங்க எங்க கடைக்கும் வருவாங்க. ஆயிரம் கேள்வி கேக்குறாங்கன்னு சொல்லிச் சிரிப்பாங்க. எல்லாரையும் கேப்பீங்களா?"

"கேப்பேன்."

"இவரை ஏன் கேக்கல?"

அவள் யோசித்தாள். குழம்பு கொதித்தது, நோயாளி வருகிற நேரம், அவன் கேலி பேசினான். சாக்குப்போக்கு எல்லாம் வரிசையில் வந்து நின்றது. "நம்ம ஆளுன்னு விட்டுட்டேன்" என்றாள்.

"அப்போ அவரு வெளியாளாவே வந்திருக்கலாம்" என்றாள் ஓரகத்தி.

ஓரகத்தி சத்தம் போட்டிருந்தால் மூத்தவள் தாங்கியிருப்பாள். அவள் தலைகுனிந்துகொண்டாள். கண்ணில் வந்ததைத் துடைக்கக் கூட வெட்கமாக இருந்தது.

டாக்டர் வந்தபோது இருவரும் சேர்ந்தே எழுந்தார்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி போய் உட்கார்ந்திருக்கிறது, சின்னது. மருந்து ஏற்றியாயிற்று, பிழைத்துக்கொள்வார் என்றாள். மெஷின் வைத்ததைச் சொல்லியிருக்காவிட்டால் வார்டில் போட்டிருப்போம், ராத்திரி தாண்டியிருக்குமா தெரியாது என்றாள். மெஷின் வைக்காமலே இருந்திருந்தால் என்று டாக்டர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"ஒருத்தர் உள்ளே போகலாம்."

ஓரகத்தி இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள். "நாங்க ரெண்டு பேரும் வர்றோம்" என்று டாக்டரிடம் சொன்னாள். பிறகு மூத்தவளிடம், "இவரு என்கிட்டயும் பொய்தான் சொல்வாரு. நீங்க கேளுங்க. வெளியாளைக் கேக்குற மாதிரி ஒண்ணு விடாம கேளுங்க" என்றாள்.

மூக்கில் குழாயோடு கிடந்தவன் அவர்களைக் கண்டதும், "கிளையை மூடியாச்சு அண்ணி" என்றான் ஈனக் குரலில். அவள் சிரிக்கவில்லை. கட்டிலருகே நின்று, முன்னறையில் கேட்கிற அதே குரலில் கேட்டாள். வலி எப்போது ஆரம்பித்தது? போன வாரமே. வேறு யாரிடமாவது சொன்னானா? இல்லை. வழியில் இறங்கி நடந்தானா? இல்லை, தண்ணீர் கூடக் குடிக்கவில்லை, குடித்தால் அடிக்கடி நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் ஓரகத்தியின் கை கட்டில் கம்பியை இறுக்கியது.

"வீட்டுல வேற யாருக்காவது இப்படி ரத்தம் கட்டினது உண்டா?"

"எங்கப்பாவுக்குத்தான்" என்றான் அவன் சாதாரணமாக. "கடைசியா படுக்குறதுக்கு முன்னாடி ஒரு கால் இப்படித்தான் வீங்கிக் கிடந்துச்சு. அப்புறம் திடீர்னு நெஞ்சடைச்சுப் போயிட்டாரு. அண்ணன் சொன்னதில்லையா?"

சொன்னதில்லை. மாரடைப்பு என்று சொல்லியிருந்தார்கள். அவளும் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அதற்குமேல் கேட்டதில்லை. அவள் ஓரகத்தியைப் பார்த்தாள். ஓரகத்தி அவளைப் பார்த்தாள். இரண்டு பேருக்குமே அது இப்போதுதான் தெரிகிறது.

அவள் வராந்தாவுக்கு வந்து கணவருக்கு அடித்தாள். காலையிலிருந்து கிரேன் கூண்டில் உட்கார்ந்திருக்கிற மனிதர் கொஞ்சம் தாமதமாகத்தான் எடுத்தார். பின்னால் இரும்புச் சங்கிலிகளின் சத்தம் கேட்டது.

"என்ன இந்த நேரத்துல?"

தம்பியைப் பற்றி அவள் முதலில் சொல்லவில்லை. "பேண்ட்டைச் சுருட்டுங்க. ரெண்டு காலையும் பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.